மூன்றே வாரத்தில் மறுபடி வெடித்த டிரான்சிஸ்டர்: 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

16 கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை). ஓட்டை ஓட்டையாக இருக்கும் தகரப் பெட்டிக்குள் வரும் வழக்கமான வகைதான். சில மணி நேரம் போயிருந்த கரண்ட் திரும்ப வந்த அந்த நொடியில் 'டப்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பும் இதேபோல நின்று, வேறோர் இடத்தில் இரண்டு டிரான்சிஸ்டரும் பியூஸும் மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். எது போயிற்று என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ஏன் போயிற்று என்பதற்குத்தான் அரைநாள் பிடித்தது.

சர்க்யூட் எப்படி ஓடுகிறது

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருந்த அதே ஹாஃப் பிரிட்ஜ் அமைப்பு. 230 வோல்ட் ஏசி, பியூஸ், என்டிசி (ஆன் செய்ததும் பாயும் கரண்டை மட்டுப்படுத்தும், சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்), நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜ் வழியாக 325 வோல்ட் டிசி ஆகிறது. அதன் குறுக்கே 330 மைக்ரோஃபாரட் 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு தொடராக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 162 வோல்ட். இரண்டு 13007 டிரான்சிஸ்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே இருக்கின்றன. மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஒரு முனையில் இந்த இரண்டு டிரான்சிஸ்டரும் சந்திக்கும் இடத்துக்கும், மறுமுனையில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் வழியாக இரண்டு பெரிய கெப்பாசிட்டரும் சந்திக்கும் இடத்துக்கும் போகிறது. மேல் டிரான்சிஸ்டர், கீழ் டிரான்சிஸ்டர் மாறி மாறி ஆன் ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் 325 வோல்ட்டுக்கும் அவற்றுக்கும் இடையே தடுக்க எதுவும் இல்லை.

கட்டுப்பாடு செகண்டரி பக்கத்தில் இருக்கும் டிஎல்494 என்ற பல்ஸ் கொடுக்கும் ஐசியிடம். அது இரண்டு சி945 டிரான்சிஸ்டர்களை ஓட்டும், அவை ஒரு சிறிய டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டும், அதன் இரண்டு வைண்டிங்குகள் 13007-களின் பேஸுக்கு (டிரான்சிஸ்டரை ஆன், ஆஃப் செய்யும் கால்) போகும். ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் கிடையாது. ஐசிக்கு வேண்டிய சப்ளையும் அவுட்புட்டிலிருந்தே வருகிறது என்பதால், முதல் தடவை யாராவது தள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு 13007-இன் கலெக்டரிலிருந்து பேஸுக்கு வரும் 330 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் அந்த வேலையைச் செய்கிறது. அரை மில்லி ஆம்பியர் அளவுக்குப் பேஸ் கரண்ட் கொடுத்து, டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் ஃபீட்பேக்கால் தானாகவே ஆசிலேட் ஆக வைக்கிறது. அவுட்புட் ஏறி, ஐசியின் 12-ம் பின்னில் 7 வோல்ட் தாண்டியதும் ஐசி கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

திறந்து பார்த்தபோது

பியூஸ் கண்ணாடி உள்ளே கறுத்து, வெள்ளிப் பூச்சு போல் படிந்திருந்தது. ஓவர்லோடில் போகும் பியூஸில் கம்பி நடுவில் உருகித் தொங்கும், கண்ணாடி தெளிவாக இருக்கும். கறுத்தால் நேர் ஷார்ட். மீட்டரை வைப்பதற்கு முன் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டரின் குறுக்கே 5 நொடி பிடித்து டிஸ்சார்ஜ் செய்தாயிற்று. சார்ஜை வடிக்கக் குறுக்கே இருக்கும் பிளீடர் ரெசிஸ்டரை நம்பக் கூடாது. அது ஓப்பன் ஆகியிருந்தால் பியூஸ் போன போர்டிலும் 160 வோல்ட் காத்திருக்கும்.

பின்பக்கத்து 115/230 ஸ்விட்ச் 230-இல்தான் இருந்தது. இதைப் பார்க்காமல் விடக் கூடாது. யாராவது 115-க்குத் தள்ளியிருந்தால் பிரிட்ஜ் வோல்டேஜை இரட்டிப்பாக்கும் டபிளராக மாறி, 200 வோல்ட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றிலும் 325 வோல்ட் ஏறும். அந்த வெடிப்பின் காரணத்தைத் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை.

போர்டிலேயே அளந்தபோது இரண்டு டிரான்சிஸ்டருக்கும் கலெக்டர்-எமிட்டர் 0.3 ஓம். இரண்டையும் கழற்றித் தனியாக அளந்ததில், மேல் டிரான்சிஸ்டரில் மூன்று காலும் ஒன்றோடொன்று ஷார்ட். கீழ் டிரான்சிஸ்டரில் கலெக்டர்-எமிட்டர் ஷார்ட், பேஸ் மட்டும் ஓப்பன். இந்த வித்தியாசம் பின்னால் மிகவும் உதவியது.

போர்டில் வைத்தே டிரான்சிஸ்டரைச் சோதிப்பவர்கள் இந்தச் சர்க்யூட்டில் அடிக்கடி ஏமாறுவார்கள். டையோடு மோடில் சிவப்பு முனையைப் பேஸிலும் கறுப்பை எமிட்டரிலும் வைத்தால் 0.6 காட்டும், சரி. முனைகளை மாற்றினாலும் ஏறக்குறைய அதே 0.6 காட்டும். நல்ல டிரான்சிஸ்டரைக் 'கெட்டது' என்று கழற்றுவது இங்கேதான். பேஸுக்கு வரும் பாதையில் 39 ஓமும் 1என்4148 டையோடும் தொடராக இருக்கின்றன. மீட்டர் கரண்ட் எமிட்டரிலிருந்து டிரைவர் வைண்டிங் வழியாக அந்த டையோடைக் கடந்து பேஸுக்கு வந்துவிடுகிறது. அதேபோல எமிட்டரிலிருந்து கலெக்டருக்கு 0.5 காட்டினால் அது குறுக்கே போட்டிருக்கும் எஃப்ஆர்107 டையோடு. ஒரு காலையாவது தூக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. கழற்றிய நல்ல 13007 பேஸ்-எமிட்டர், பேஸ்-கலெக்டர் இரண்டிலும் ஒரு திசையில் மட்டும் 0.6 அருகில் காட்டும். மற்ற எல்லா வழியிலும் ஓப்பன்.

கழற்றியவை 13007 அல்ல, 13009 என்று அச்சிட்டிருந்தன. அதுவும் இரண்டும் இரண்டு வேறு கம்பெனி. போர்டில் அச்சிட்டிருப்பதோ 13007. 'பெரியது போட்டால் தாங்கும்' என்று முன்பு பழுது பார்த்தவர் நினைத்திருக்க வேண்டும். 13007-க்கு 8 ஆம்பியர், 13009-க்கு 12 ஆம்பியர் என்பது உண்மைதான். ஆனால் இந்த சப்ளை முழு லோடில் 150 வாட் அளவுக்கு உள்ளே இழுத்தாலும் பிரைமரி கரண்ட் ஒன்றரை ஆம்பியரைத் தாண்டுவது அரிது. ஆம்பியர் இங்கே பிரச்சினையே இல்லை. பெரிய டிரான்சிஸ்டரை முழுதாக ஆன் செய்யவும், அதைவிட முக்கியமாக ஆஃப் செய்யவும் பேஸில் அதிக வேலை ஆகும். கண்ணாடி போட்டுக்கொண்டு வைஸில் இறுக்கி ஒன்றை உடைத்துப் பார்த்ததில், உள்ளே இருந்த சில்லு ஓர் ஒரிஜினல் 13007-இன் சில்லைவிடவும் சிறியது. எழுத்து மட்டும் 13009.

எது காரணம், எது விளைவு

பிரிட்ஜின் நான்கு டையோடும் நன்றாக இருந்தன. என்டிசி குளிர்ந்த நிலையில் 5 ஓம். பெரிய கெப்பாசிட்டர்கள் 318, 305 மைக்ரோஃபாரட், போதும். இவற்றில் ஒன்று பாதியாகக் குறைந்திருந்தால் விஷயம் வேறு: சிறிதான கெப்பாசிட்டருக்கு 325-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 217 வோல்ட் போய்விடும், நடுப்புள்ளி நகர்ந்துவிடும். பிரைமரியோடு தொடராக இருக்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர் 0.97 மைக்ரோஃபாரட். அவுட்புட்டை டிசியாக்கும் ஷாட்கி டையோடு ஜோடியும் நலம். அது ஷார்ட் ஆகியிருந்தாலும் பிரைமரி டிரான்சிஸ்டர் பலியாகும் என்பதால் விட்டுவிட முடியாது. நடுவில் முனை எடுத்த சென்டர் டேப் வைண்டிங் இரண்டு ஆனோடையும் இணைத்துவிடுவதால், போர்டில் அளக்கும்போது இரண்டு டையோடும் ஒன்றாகத்தான் தெரியும். ஷார்ட் காட்டினால்தான் தூக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து பேஸ் பக்கம். மேல் டிரான்சிஸ்டரின் 39 ஓம் கருகி ஓப்பன், 1என்4148 ஷார்ட், 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1.4 மெகா ஓம் காட்டியது. கீழ்ப்பக்கத்தில் 39 ஓம் சரியாக 39, டையோடு நன்று, 330 கிலோவும் சரி. 39 ஓம், டையோடு தொடரின் குறுக்கே இரண்டு பக்கமும் தலா ஒரு 1 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இருக்கிறது. கழற்றி அளந்ததில் மேலே இருந்தது 0.22 மைக்ரோஃபாரட். கீழே இருந்தது 0.34 மைக்ரோஃபாரட், இஎஸ்ஆர் (கெப்பாசிட்டருக்கு உள்ளேயே இருக்கும் தொடர் தடை) 46 ஓம். புதிதாக இருந்தால் சில ஓம் மட்டுமே இருக்கும்.

மேல் டிரான்சிஸ்டர் கலெக்டர்-பேஸ் ஷார்ட் ஆனதால் 325 வோல்ட் நேராகப் பேஸ் நெட்வொர்க்குக்குள் இறங்கியிருக்கிறது. 39 ஓமும் டையோடும் அதனால் போனவை. மேல் கெப்பாசிட்டரும் அந்த அடியில்தான் போயிற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் கீழ் டிரான்சிஸ்டரில் பேஸ் ஓப்பன் ஆகிவிட்டது. பக்கத்திலிருக்கும் 39 ஓமுக்கும் சின்ன டையோடுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பக்கம் அடி விழவே இல்லை. அப்படியிருக்க அங்கே இருக்கும் கெப்பாசிட்டர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது என்றால், வெடிப்புக்கு முன்பே காய்ந்துபோயிருந்தது என்றுதான் பொருள்.

காய்ந்ததற்கும் காரணம் கண்ணெதிரே இருந்தது: ஹீட் சிங்க்கிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் 85 டிகிரி வகை கெப்பாசிட்டர். இவ்வளவு சிறிய டப்பாவில் எலக்ட்ரோலைட்டே ஒரு துளிதான்.

அந்தச் சின்னக் கெப்பாசிட்டர் என்ன செய்கிறது

13007 போன்ற ஹை வோல்டேஜ் பைபோலார் டிரான்சிஸ்டர், பேஸ் கரண்டை நிறுத்திய உடனே ஆஃப் ஆகாது. உள்ளே தேங்கிய சார்ஜ் வெளியேறும்வரை கலெக்டர் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஸ்டோரேஜ் நேரம் 13007, 13009 இரண்டிலும் அதிகபட்சம் 3 மைக்ரோ செகண்ட் வரை போகலாம். டிரான்சிஸ்டர் ஆன் ஆக இருக்கும்போது பேஸ் கரண்ட் 39 ஓம், டையோடு வழியாகப் போகிறது. அப்போது குறுக்கே இருக்கும் கெப்பாசிட்டர் ஓரிரு வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகிவிடுகிறது. ஆஃப் செய்ய வேண்டிய நேரத்தில் இரண்டு சி945-ம் ஆன் ஆகி டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரை ஷார்ட் செய்யும். வைண்டிங்கில் வோல்டேஜ் சுழியம். கெப்பாசிட்டரில் நிற்கும் அந்த ஓரிரு வோல்ட் இப்போது பேஸுக்கு மைனஸாக வந்து, தேங்கிய சார்ஜை உறிஞ்சி எடுத்துவிடும். அதற்கு அந்த ஒரு கணத்தில் பெரிய கரண்ட் வேண்டும். 46 ஓம் இஎஸ்ஆர் வழியாக அது வராது.

ஆஃப் ஆக வேண்டியது தாமதிக்கிறது. மற்ற டிரான்சிஸ்டர் ஆன் ஆகும் நேரம் வந்துவிடுகிறது. இரண்டும் சில நூறு நானோ செகண்ட் ஒன்றாக ஆன்.

அப்படியானால் மூன்று வாரம் எப்படி ஓடிற்று? இந்த போர்டில் ஐசியின் 5-ம் பின்னில் 1 நானோஃபாரட், 6-ம் பின்னில் 12 கிலோ ஓம். ஆசிலேட்டர் சுமார் 92 கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அதில் பாதியான 46 கிலோஹெர்ட்ஸில் ஓடும். சாதாரணமாக ஓடும்போது ரெகுலேஷன் பல்ஸைச் சுருக்கி வைத்திருக்கும். இரண்டு பல்ஸுக்கு நடுவே மூன்று நான்கு மைக்ரோ செகண்ட் ஓய்வு கிடைக்கும். தாமதம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் கரண்ட் வந்த உடனே அவுட்புட் கெப்பாசிட்டர்கள் காலி, ஐசி முழு பல்ஸ் கேட்கும், ஓய்வு நேரம் மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிடும். இந்த வேகத்தை மட்டுப்படுத்தத்தான் 4-ம் பின்னில் 10 மைக்ரோஃபாரட் சாஃப்ட் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் இருக்கிறது. அதுவும் 2.1 ஆகக் குறைந்திருந்தது.

இதற்கு மேல் இன்னொன்று. காய்ந்த எலக்ட்ரோலிட்டிக்கின் இஎஸ்ஆர் சூட்டில் குறையும், குளிரில் ஏறும். கழற்றிய கீழ்க் கெப்பாசிட்டரை ஹேர் டிரையரால் சூடாக்கியதும் 46 ஓம் 19 ஆக இறங்கியது. 24 மணி நேரமும் ஓடும் சப்ளையில் அது சூடாகவே இருந்து சமாளித்துக்கொண்டிருக்கும். சில மணி நேரம் கரண்ட் போனால் ஆறிவிடும். திரும்ப வரும்போது மோசமான கெப்பாசிட்டர், முழு பல்ஸ், மெதுவாக ஆஃப் ஆகும் போலி டிரான்சிஸ்டர் மூன்றும் ஒரே நொடியில் சேர்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது போகாமல் கரண்ட் வந்ததும் போகும் எஸ்எம்பிஎஸ் என்றால் முதலில் இந்த இரண்டு பேஸ் கெப்பாசிட்டரையும் பார்ப்பது நல்லது.

மெயின் இல்லாமல் டிரைவைச் சோதித்தல்

புது டிரான்சிஸ்டரைப் போட்டு, பியூஸையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டுவது வீண் செலவு. ஐசியின் சப்ளை அவுட்புட்டிலிருந்து ஒரு டையோடு வழியாக வருவதால், மெயின் வயரைக் கழற்றிவிட்டு அவுட்புட் டெர்மினலிலேயே பெஞ்ச் சப்ளையைக் கொடுக்கலாம். 10 வோல்ட், கரண்ட் லிமிட் 300 மில்லி ஆம்பியர். 13007 இரண்டும் கழற்றிய நிலையிலேயே இருக்கட்டும்.

12-ம் பின்னில் 9.4 வோல்ட், 14-ம் பின்னில் 5.0 வோல்ட், 5-ம் பின்னில் 3 வோல்ட் உயர ரம்பப் பல் அலை. 8, 11-ம் பின்களில் பல்ஸ். பெஞ்ச் சப்ளையை மெல்ல ஏற்றியபோது 12 வோல்ட்டைத் தாண்டும் இடத்தில் பல்ஸ் சுருங்கி மறைந்தது. இறக்கியதும் திரும்ப வந்தது. ரெகுலேஷன் லூப் முழுவதும் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை. 230 வோல்ட் பக்கமே போக வேண்டியதில்லை, ஆஸிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பையும் தைரியமாக எமிட்டர் பேடில் மாட்டலாம். மெயின் இருக்கும்போது அதே இடத்தில் கிளிப்பை மாட்டினால் ஸ்கோப்பும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

பேஸ்-எமிட்டர் பேடுகளில் வெறுமனே பார்த்தால் காய்ந்த கெப்பாசிட்டரோடுகூட அலை அழகாகத்தான் தெரியும். அங்கே லோடாகப் போர்டில் இருக்கும் 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டுமே இருப்பதால் 46 ஓம் இஎஸ்ஆர் தெரியாது. பேடின் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவைத்ததும் குட்டு வெளிப்பட்டது: பழைய கீழ்க் கெப்பாசிட்டரை மறுபடி வைத்துப் பார்த்தபோது மைனஸ் பக்கம் 1.6 வோல்ட், புதியதோடு 3 வோல்ட். மைனஸ் பக்கத்தில் டையோடு தடுத்துவிடுவதால் கரண்ட் முழுக்க அந்தக் கெப்பாசிட்டர் வழியாகவே வர வேண்டும். ஸ்கோப் இல்லாதவர்கள் இஎஸ்ஆர் மீட்டரை நம்பலாம். அதுவும் இல்லையென்றால் அளக்காமலே இரண்டையும் மாற்றிவிடலாம், விலை ஒரு டீக்கும் குறைவு.

மாற்றியவை

13007 இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச். பேஸ் கெப்பாசிட்டர்களுக்கு எலக்ட்ரோலிட்டிக்கே வேண்டாம் என்று 1 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் ஃபிலிம் வகை போடப்பட்டது. கால் இடைவெளி 5 மில்லிமீட்டர், அதே ஓட்டையில் உட்காரும், காய்வதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. 1என்4148, 39 ஓம், எஃப்ஆர்107 மூன்றும் இரண்டு பக்கமும் புதிது. கீழ்ப்பக்கம் நன்றாக இருந்தாலும் இவற்றை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

330 கிலோ ஓம் இரண்டும் கால் வாட்டிலிருந்து அரை வாட்டுக்கு மாற்றப்பட்டன. சூடு ஒரு காரணம். வோல்டேஜ் பெரிய காரணம். டிரான்சிஸ்டர் ஆஃப் ஆக இருக்கும்போது இந்த ரெசிஸ்டரின் குறுக்கே ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். சாதாரண கால் வாட் கார்பன் ரெசிஸ்டர் 250 வோல்ட்டுக்குத்தான். மேலே இருந்தது 1.4 மெகாவாக ஏறியதில் ஆச்சரியம் இல்லை. சாஃப்ட் ஸ்டார்ட் 10 மைக்ரோஃபாரடும், ஐசி சப்ளையின் 47 மைக்ரோஃபாரடும் 105 டிகிரி வகையில் புதிது. பியூஸ் பழைய அளவிலேயே, 3.15 ஆம்பியர்.

13007-இன் உலோக முதுகு கலெக்டர். மேலதன் முதுகில் 325 வோல்ட், கீழதன் முதுகில் ஓயாமல் ஏறி இறங்கும் வோல்டேஜ், இரண்டும் உட்காருவது ஒரே ஹீட் சிங்க்கில். பழைய சிலிக்கோன் பேடில் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிக் கிழிசல் இருந்ததால் அதுவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் புதிதாகப் போடப்பட்டன. ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு ஒவ்வொரு கலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மெகா ஓம் ரேஞ்சில் ஓப்பன் காட்டிய பின்னரே கால்கள் பற்றவைக்கப்பட்டன. பற்றவைத்துவிட்டு இறுக்கினால் கால் இழுபட்டு, சில மாதத்தில் சால்டர் விரிசல் விடும்.

ஓட்டிப் பார்த்தல்

பியூஸ் இடத்தில் 60 வாட் குண்டு பல்பு தொடராக. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு தடவை மின்னி அணைந்தது, அவுட்புட் 12.05 வோல்ட். பெரிய கெப்பாசிட்டர்களில் 163, 161. பல்பு முழு வெளிச்சத்தில் நின்றிருந்தால் எங்கோ இன்னும் ஷார்ட் என்று அர்த்தம். விட்டு விட்டு மின்னினால் தானாக ஆசிலேட் ஆகிறது, ஐசி பிடித்துக்கொள்ளவில்லை என்று 12-ம் பின்னைப் பார்க்க வேண்டும்.

பிறகு பியூஸைப் போட்டு லோடு. வண்டி இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் பல்புகள் ஐந்து, ஒவ்வொன்றும் 1.75 ஆம்பியர், மொத்தம் 8.75. குளிர்ந்த இழை ஏறக்குறைய பத்து மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஐந்தையும் ஒரேயடியாக மாட்டினால் சப்ளை புரொடெக்‌ஷனில் போய் நிற்கும், நன்றாக இருப்பதைப் பழுது என்று நினைத்துவிடுவோம். 40 நிமிடம் கழித்து, பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பொய் சொல்லும் என்பதால் கறுப்பு டேப் ஒட்டிய இடத்தில் அளந்ததில், மேல் டிரான்சிஸ்டர் 64 டிகிரி, கீழ் டிரான்சிஸ்டர் 62. பத்து டிகிரி வித்தியாசம் வந்திருந்தால் ஒரு பக்க டிரைவைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

போனது கரண்ட் வந்த நொடியில் என்பதால் கடைசிச் சோதனையும் அப்படியே. இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை இரண்டு பல்பு லோடோடு நேராக ஆன். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் பத்துத் தடவை ஆஃப், ஆன். இந்த இடைவெளியில் என்டிசி ஆறாது, உள்ளே பாயும் கரண்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். பத்தாவது தடவையும் 12.05.